கடைசி பீரியட் ஓட்டம்

விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு மாற்றும் உத்தரவில் கையெழுத்திட்ட கல்வி அலுவலரின் கால்கள், அந்த உத்தரவு நடைமுறைக்கு வந்த திங்கட்கிழமை, பள்ளிகளில் கடைசி பீரியட் மணி அடித்ததும் அவரைக் கேட்காமலே ஓடத் தொடங்கின. அப்போது அவர் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் மேசையில் இருந்தது, அவர் வாசலுக்குப் போய்விட்டிருந்தார். கடைத்தெரு, தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம் என்று சுற்றி, பள்ளி விடும் மணி கேட்டபோது கால்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே நின்றன. அன்று அது முடிதிருத்தும் கடை வாசல். "என்ன சார், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்றார் கடைக்காரர். மூச்சு வாங்கியதில் ஆமென்று தலையாட்டினார். மறுநாளும் அதே நேரத்தில் அவர் ஓடியபோது யாரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இந்த வயதில் இப்படிப்பட்ட கால் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அலுவலரே ஒவ்வொன்றாகக் கவனித்துதான் இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையிலும் கால்கள் சும்மா இருந்தன. இடது கால் குட்டிக் குட்டி அடியாக வைத்தது, அது ஆரம்பப் பள்ளி. வலது கால் நீளமாகத் தாவியது, அது உயர்நிலைப் பள்ளி. அதனால் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடினார்; தெரு முனைகளில் திரும்புவதற்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஆரம்பப் பள்ளியில் அம்மை பரவி ஒரு வாரம் விடுமுறை விட்டபோது இடது கால் எழவே இல்லை, நொண்டியடித்துக்கொண்டே ஊரைச் சுற்றினார். பிள்ளைகள் ஓடாமல் விட்ட ஓட்டம் எங்காவது போயாக வேண்டும், தடுத்தவரைத் தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உத்தரவை உடனே திரும்பப் பெற்றிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு கணக்கில் தேர்ச்சி கூடியது, மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அவர் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டார். "ஓடுறதுதான் ஓடுறீங்க, வர்ற வழியில பாலாவது வாங்கிட்டு வரலாம்ல?" என்றார் மனைவி.

நெடுநாளாக வலது காலில் ஒரு விசித்திரம் இருந்தது. சீராக ஓடும்போதே திடீரென்று ஒரு சின்னத் துள்ளல் வரும், கூடவே கழுத்து தானாகப் பின்னால் திரும்பும். செருப்புக் கடித்த பிள்ளை யாரோ என்று நினைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மழை பிடித்தது. மாடியில் காயும் துணியை எடுக்க ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஓடினாள். பாதி மாடியில் ஒரு துள்ளல், பின்னால் ஒரு பார்வை, மறுபடி ஓட்டம். ஓடும்போது ஏன் திரும்பிப் பார்க்கிறாய் என்று கேட்டார். "கூட ஓடுற புள்ள பின்தங்கிடும்ப்பா. அந்தப் பழக்கம்" என்றாள், நனைந்த துண்டை நீட்டியபடி. மகள் எப்படி ஓடுவாள் என்பது அன்றுவரை அவர் கண்ணுக்குத் தெரியாது, காலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமையே புதிய திட்டம் எழுத உட்கார்ந்தார்: எல்லா வகுப்புக்கும் தினம் ஒரு பீரியட் விளையாட்டு. பெற்றோர் கூட்டத்தில் தன் கால்கள் ஓடும் காரணத்தை அவர் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் எழுந்து, "சார், நீங்க ஓடுறது உங்க கஷ்டம். எம்பையன் மார்க்கு எங்க கஷ்டம்" என்றார். "நீங்க ஓடுங்க, புள்ளைங்க படிக்கட்டும். நல்லாத்தானே போகுது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாய் சொல்ல, கூட்டம் கைதட்டியது. மேலிடம் இரண்டு ஆண்டு யோசித்தது. கடைசியில், பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டுவிட்டால் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். பத்தாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் பொருந்தாது என்ற வரியை அவரே தன் கையால் சேர்த்தார். அந்த ஜூனில் மகள் பத்தாம் வகுப்புக்குப் போனாள்.

"எங்களுக்கு மட்டும் இல்லையாப்பா?"

"பரீட்சை முடியட்டும்மா."

பரீட்சை முடிந்தது, அடுத்த பரீட்சை வந்தது. மைதானங்கள் நிறைந்தன, பிள்ளைகள் அவரவர் ஓட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் இடது கால் அடங்கியது. மைதானம் கிடைக்காத பெரிய வகுப்புப் பிள்ளைகளின் ஓட்டம், அவர்களுக்கே மறந்துபோய், மெல்லக் கரைந்தது. யாருடையது என்று தெரியாத ஓட்டம் அப்படித்தான் கரையும். ஒன்று மட்டும் கரையவில்லை. அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? மகளை மாலையில் மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார். அவள் மர நிழலில் உட்கார்ந்து, "நீங்க வேணா ஓடுங்கப்பா" என்றாள். அவளுக்குள் ஓட எதுவும் மிச்சமில்லை. அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவர் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

அவர் ஓய்வு பெற்றார், தலை நரைத்தது. அவள் தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பது வயதுக்குள் முழங்கால் வலி வந்து, படியேறக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கடைசி பீரியட் நேரத்தில் அவர் தபால் நிலையத் தெருவை ஓடிக் கடப்பார். நரைத்த ஆள், பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஓட்டம்.

"மேடம், உங்க அப்பா போறாரு" என்றார் புதிதாகச் சேர்ந்த தபால்காரர்.

அவள் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. "அது அப்பா இல்லங்க. நான்தான் போறேன்."

வரிசையில் முதலில் நின்றவர் எட்டித் தெருவைப் பார்த்தார். "நல்லா ஓடுறீங்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பார்சலைத் தராசில் வைத்தார்.