செவ்வரத்தைக்கு எவ்வளவு தண்ணீர்

1

இதை ஒரு வாரப்பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பகுதிக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். 'சாடியில் வளரும் செவ்வரத்தைக்கு மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும், அதுவும் அடித்துளையால் வடியும் வரைக்கும், ஏனென்றால்—'

அந்த வசனம் அப்படியே நிற்கிறது. அதற்குள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுப் பல்கணிக்கு இராமலெட்சுமி வாளியோடு வந்துவிட்டாள்.

2

(முதல் வரைவு பூவை வருணித்துத் தொடங்கியது. அடித்துவிட்டேன். அப்போது செடியில் பூவே இல்லை.)

தொண்ணூற்றாறாம் ஆண்டு. விடியற்புற இராணுவச் சுற்றிவளைப்பில் அவள் கணவன் முத்துலிங்கத்தைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள், விடவில்லை.

பல்கணியில் அவன் வளர்த்த செவ்வரத்தைச் சாடிகள் மூன்று. வாகனச் சத்தம் கேட்டால் இராமலெட்சுமி அங்கே ஓடுவாள். யாரும் இறங்கமாட்டார்கள். வந்ததற்கு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போவாள். இலைகள் மஞ்சளாகி விழுந்தன. தண்ணீர் காணாதென்று நினைத்து இன்னும் ஊற்றினாள்.

3

கீழ்வீட்டு ஹபீலாவை முதலில் சண்டைக்காரியாக எழுதினேன்: 'காயப்போட்ட உடுப்பெல்லாம் சேற்றுத் தண்ணீர் என்று கத்தியபடி படியேறி—' இல்லை. மேலிருந்து வழிந்த தண்ணீரில் உடுப்பு நனைந்தது உண்மை. கத்தவில்லை. ஏறி வந்தவள் இராமலெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாடிக்குள் விரலை விட்டாள்.

"மண்ணு சேறாக் கிடக்கு புள்ள. இன்னும் ஊத்தினா வேரழுகிடும்."

"என்னால சும்மா இருக்கேலாது அக்கா."

(இதற்கு ஹபீலாவுக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுத்தேன். அவள் வாயில் அது ஒட்டவில்லை.) அவள் சாடியைச் சரித்து, அடைபட்டிருந்த அடித்துளையை ஈர்க்கால் குத்தித் திறந்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் இராமலெட்சுமி ஊற்றினாள்.

4

தடுப்பு முகாமில் அவனைப் பார்க்க அனுமதி கிடைத்தது. சிங்களத்தில் மட்டுமே கதைக்கலாம் என்றார் பக்கத்தில் நின்ற காவலர். தனக்கு விளங்க வேண்டுமாம். இராமலெட்சுமியின் சிங்களம் மரக்கறிக்கடைச் சிங்களம். அடித்தார்களா, நித்திரை கொள்கிறீர்களா என்று கேட்க அதில் சொல் இல்லை. அவனுடைய இடது கண் வீங்கியிருந்தது.

"மல்வலட்ட வத்துர தானவாத?" என்றான் முத்துலிங்கம். பூக்களுக்குத் தண்ணீர் விடுகிறாயா என்று.

"ஒவ்," என்று தலையாட்டினாள்.

"கொடக் எப்பா."

கனக்க வேண்டாம். அவ்வளவுதான் கதைத்தார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

5

வீட்டுக்கு வந்ததும் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். தெருவில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. கையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு மண் காய்ந்தால் மட்டும் ஊற்றினாள், அடியால் வடியும் வரை. ஒரு செடி பட்டுப்போனது. மற்ற இரண்டும் துளிர்த்தன.

இனி முடிவு. ஒன்றில், அவன் வரும் காலையில் பூ மலர்ந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அவன் வரவேயில்லை. அதை எழுத முடியவில்லை, அப்படி நடக்கவும் இல்லை. மாரி மழைக்கு முன்னர் அவனை விட்டார்கள். பாதி ஆளாக வந்தான். இராமலெட்சுமி தேத்தண்ணி வைத்தாள். கதவு சாத்தியிருந்தது. ஒட்டுக்கேட்க ஆள் இல்லை. எந்தப் பாஷையிலும் எதையும் கேட்கலாம். இருவரும் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டாள் இராமலெட்சுமி.

அடுத்த வசனத்தை எத்தனையோ தடவை எழுதி அடித்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

"                                        "