ஒரே பந்தி

“‘பந்தலின் கீழே சபையார் யாவரும் ஒரே பந்தியாய் அமர்ந்து புசித்தார்கள்.’ நல்லாத்தான எழுதியிருக்க, பியூலா!” மிஷன் மாத இதழை விரித்து வாசித்த தேவதாசன் மனைவியைப் பெருமையோடு பார்த்தான்.

அடுப்பங்கரையிலிருந்து வந்த பியூலா அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“நான் இப்பிடி எழுதல.”

“கீழ ஒன் பேருல்லா போட்டிருக்கு?”

“பேரு என்னோடது. எழுத்து உபதேசியாரோடது.”

1911ஆம் வருஷம். மிஷன் பெண்பள்ளி ஆசிரியையான பியூலா எழுதி அச்சில் வந்த முதல் கட்டுரை அது. பின்னாளில் தன் ஊரைப் பற்றியும் ஜனங்களைப் பற்றியும் எவ்வளவோ எழுதினாள். ஆனால் எப்படித் தொடங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிப்போகும்.

அவள் எழுதிக் கொடுத்தது வேறு. ஆலயப் பண்டிகையின் அசன விருந்தில் பழைய குடும்பங்கள் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்தன. பிந்திக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த கீழத்தெருக்காரர்கள், தாழ்ந்த சாதியென்று, மதிலுக்கு வெளியே வெயிலில் சட்டியேந்தி நின்றார்கள். பந்தி எழுந்த பிறகு மிஞ்சின சோறும் அடிப்பிடித்த குழம்பும் அவர்களுக்கு. கண்டதை அப்படியே எழுதியிருந்தாள். ஆனால் அந்தச் சபையிலிருந்து எதுவும் உபதேசியார் எலியேசர் கையைத் தாண்டித்தான் பாளையங்கோட்டை அச்சகத்துக்குப் போகும்.

அவரிடமே போய்க் கேட்டாள்.

“சபை மானம்னு ஒண்ணு இருக்குல்லா, அம்மா? வெள்ளக்காரங்களும் வாசிக்கிற புஸ்தகம்” என்று எலியேசர் சிரித்தார். “திருத்தம் கிருத்தம்னு அனுப்பிராதீய. பள்ளிக்கூட வேலயும் சபை குடுத்ததுதான்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரே அதைச் சபைக்கு வாசித்துக் காட்டினார். வாசலோரத்தில் தரையில் உட்கார்ந்து கேட்ட கீழத்தெரு தேவமணி, வெளியே வந்த பியூலாவை வழிமறித்தாள்.

“வாத்தியாரம்மா, நாங்க எப்பம் ஒங்ககூட ஒக்காந்து தின்னோம்? எனக்கு நெனப்பில்லியே.”

பியூலா வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“தள்ளி நிறுத்துனிய, சரி. நின்னோம்னாவது எழுதப்பிடாதா?”

பியூலாவுக்குக் கண் கலங்கியது. நடந்ததைச் சொன்னாள். தேவமணி நம்பினாளோ இல்லையோ, கீழத்தெருப் பக்கம் நடந்துவிட்டாள்.

மறுவருஷ அசனத்தில் பியூலா இலையில் உட்காரவில்லை. வீட்டிலிருந்து ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து, மதிலுக்கு வெளியே தேவமணியின் பக்கத்தில் போய் நின்றாள். பந்தலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேவதாசன் பதறி ஓடி வந்தான்.

“ஏட்டி, உள்ள வா! ஊரு பூரா பாக்குது.”

“பாக்கட்டும். எழுதுனாத்தான் மாத்துதாவ. கண்ணால பாத்தத என்ன செய்வாவ?”

அவன் தலைகுனிந்து திரும்பிப் போனான். வெயில் ஏறியது. கடைசியில் சோறு கொண்டுவந்தவர்கள் அவளைக் கண்டு தயங்கினார்கள். பியூலா சட்டியை நீட்டினாள், நின்றபடியே தின்றாள். தேவமணி தன் சட்டியிலிருந்த ஒரே கறித்துண்டை எடுத்து அவளுக்குப் போட்டாள்.

அடுத்த மாதம் இதழில் எலியேசர் எழுதிய செய்தி வந்தது.

‘ஆசிரியை பியூலா அம்மாள் சுகவீனத்தினிமித்தம் இவ்வருஷத்து அசனத்துக்கு வரக்கூடாமற்போயிற்று. அவர்களுக்காக ஜெபியுங்கள்.’

ஞாயிற்றுக்கிழமை, அவளை மதிலுக்கு வெளியே கண்ட சபையார் அத்தனைபேரும் முழங்கால்படியிட்டு அவளுக்காக ஜெபித்தார்கள்.