காஜா எடுக்காத சட்டை

ஜெபம் முடிந்ததும் சபையில் இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர் தையல்கடை மாமாதான். "சின்னப் பொய் சொன்னா பாவமா?" என்று ஞாயிறன்று ஒரு பையன் கேட்டதும், "பொய்யில சின்னது பெரிசு கிடையாது!" என்று மேசையைத் தட்டினார்.

மறுநாள் கடையில் போன் அடித்தது. கல்யாணச் சட்டை தைக்கக் கொடுத்த மாப்பிள்ளை. துணி அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.

"பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டிருக்கோம்னு சொல்லு" என்றார் மாமா, அங்கே வேலை பார்க்கும் அக்கா மகளிடம்.

அவளுக்குச் சுருக்கென்றது. போனில், "துணியில இன்னும் கத்திரியே வைக்கல சார்" என்றாள்.

மாமா முகம் கறுத்துவிட்டது. "வாய்க்கொழுப்பா? உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"அதையும் ஞாயித்துக்கிழமை சபையில கேக்கறேன் மாமா. எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுங்க." கத்திரிக்கோலை எடுத்து அவர் கையில் திணித்தாள். "அதுக்குள்ள துணிய வெட்டுங்க."