பாசிட்டிவ்னா நல்லதுதானடா

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பதினாறு வருஷ வேலை. யார் யாருக்கோ என்னென்னவோ முடிவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கை நடுங்கியதில்லை. எனக்கு எப்போதும் எதிரி என் வாய்தான்.

அக்கா தன் மகளுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தபோது, இருவர் ரத்தத்தையும் நானே சோதித்தேன். ஒரு வைரஸுக்கு அக்கா பாசிட்டிவ், ஒன்பது வயதுக் குட்டி நெகட்டிவ். ஹெர்பஸ் குடும்பத்து வைரஸ் அது, பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இருக்கும். நோயை விரட்ட வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். திருடன் போலீஸ் ஸ்டேஷனிலேயே குடியிருக்கிற கதைதான். எதிர்ப்புச் சக்தி விழித்திருக்கும்வரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும்.

"தம்பிதானே, நீங்களே அக்காவுக்குப் பக்குவமா சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

'பாசிட்டிவ்' என்ற முதல் வார்த்தையிலேயே அக்காவுக்கு முகமெல்லாம் பல். "பாசிட்டிவ்னா நல்லதுதானடா?"

கொடுக்க வேறு ஆள் இல்லை. "ஆமாக்கா" என்றேன்.

ஏழு மாதம் கழித்துக் குட்டிக்குக் கழுத்தில் நெறிகட்டியது. சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கியிருந்தது. சிறுநீரகத்தோடு வந்த வைரஸ் எழுந்து, அவள் வெள்ளணுக்களைக் கண்டபடி பெருக வைத்துவிட்டது. புற்றுநோய். மாத்திரையை நிறுத்தினார்கள். சிறுநீரகமும் போயிற்று.

"போனா போகட்டும். இன்னொண்ணு இருக்கில்ல, அதையும் எடுத்துக்கச் சொல்லுடா. நான் டயாலிசிஸ் மெஷின்ல ஓட்டிக்கிறேன்" என்றாள் அக்கா.

அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என்கிட்டேருந்தா போச்சு?"

"எல்லார்கிட்டயும் இருக்குறதுதான்க்கா. ஒரு முத்தத்துல, எச்சில்லகூட ஒட்டிக்கும்." ஆறுதல் சொல்வதாக நினைத்த மடையன் நான்.

அன்றிலிருந்து அக்கா குட்டியின் கட்டில் பக்கமே போகவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். போக வேண்டியது எப்போதோ போய்விட்டது, இனி தொட்டால் ஒன்றுமில்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. குட்டியின் புற்றுநோய் மருந்துக்கும் கேட்கவில்லை என்று டாக்டர் கையை விரித்தார்.

ஒரு மத்தியானம் குட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அம்மாவுக்கு என்மேல கோவமா? அவங்க குடுத்த கிட்னியை நான் கெடுத்துட்டேன்னு?"

அக்காவின் காதில் விழுந்துவிட்டது. முகமூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்து, வீங்கியிருந்த அந்தக் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

"வலிக்குதும்மா" என்றாள் குட்டி. விடச் சொல்லவில்லை.