வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்

தொலைபேசி மணி கேட்டால் மருமகள் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். ஆனால் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமனாரை யாரால் முந்த முடியும்?

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். தெருவில் இன்றைக்கும் கண்டக்டர் என்றால்தான் தெரியும். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடல்தான். ஆக வீட்டில் இவர்கள் இரண்டு பேர், ஒரு தொலைபேசி.

கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையாவது விற்பவர்கள். தண்ணீர் வடிகட்டி, ஆயுள் காப்பீடு, முழங்கால் தைலம். கண்டக்டர் எல்லாருக்கும் "வணக்கம், சொல்லுங்க" என்பார். காப்பீட்டுக்காரப் பெண்ணின் குரல் கம்மியிருந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார். வடிகட்டிக்காரன் தன் மேலதிகாரியைப் பற்றிப் புலம்பினால் அரை மணி நேரம் "உம்" கொட்டுவார்.

"வேண்டாம்னு சொல்லிட்டு வெச்சிடுங்களேன் மாமா."

"சொன்னேம்மா. 'ஏன் சார் வேண்டாம்'னு அந்தப் பொண்ணு கேட்டுது. கேட்டா பதில் சொல்லணுமில்ல?"

அவளுக்குச் சிரிப்புதான் வரும். சிரிக்க முடியாத ஒரு நாளும் வந்தது. அவள் ஜன்னல் திரை தைப்பவள். வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் அட்டையில் இருந்தது இந்த வீட்டு எண்தான். கடைவீதியில் விடுதி மேலாளர் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ரெண்டு நாளா அடிச்சேம்மா. எப்பப் பார்த்தாலும் பிஸி. நாப்பது ஜன்னல். வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்தத் தைலக்காரனுக்கு நாப்பது ஜன்னல் இருக்கா மாமா?" என்று கேட்டுவிட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. கண்டக்டர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய் வாசல் பக்கம் போட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் மணி அடித்தால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் நடக்கப் போனவர் வெயில் ஏறித்தான் திரும்பினார். வீடு அமைதியாக இருந்தது. அவள் கேட்ட அமைதிதான். அதில் ஒரு தையல்கூட நேராக விழவில்லை. ஏன்தான் அப்படிக் கேட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நூல் வாங்கப் போய்த் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கண்டக்டரின் குரல்.

"வணக்கம் சார், ஒரே நிமிஷம். எங்க மருமக ஜன்னல் திரை தைக்கிறாங்க. நீங்க ஒரு தடவை வந்து..."

அவ்வளவுதான். எதிர்முனை வைத்துவிட்டது. பாதி வழியில் இறங்கிப்போன பயணியைப் பார்ப்பதுபோல அவர் ரிசீவரைப் பார்த்தார். மடியில் ஒரு தாள். இரண்டு நாளாகத் தெருத்தெருவாய் நடந்து, கடைப் பலகைகளைப் பார்த்து எழுதிவந்த எண்கள். ஒன்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைச் சுழற்றினார். அந்த ஆள் என்ன சொன்னானோ, "மன்னிச்சுக்குங்க சார்" என்று இவர் சொன்னது மட்டும் கேட்டது.

உள்ளே போய் ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று தவித்தாள். அதற்குள் இன்னொரு எண். இந்த முறை யாரோ பேசவிட்டார்கள். "ஆமாம்மா... பன்னெண்டா?... நானே டேப்போட வர்றேன்மா."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"எப்ப வந்தே?"

"இப்பதான் மாமா."

"பல் டாக்டரம்மா ஒருத்தங்க. திரை வேண்டாமாம். காத்திருக்கிற அறையில பன்னெண்டு நாற்காலியும் கிழிஞ்சு கிடக்காம். உறை தைக்கத் தெரியும்னு சொல்லிட்டேன். தெரியும்ல?"

"தெரியும் மாமா." தாளில் அடித்திருந்த கோடுகளை எண்ணினாள். பதினொன்று. "இத்தனை பேர் வெச்சிட்டாங்களா? கஷ்டமா இல்லையா?"

"முதல் ரெண்டு பேர் வெச்சப்போ கஷ்டமாத்தான் இருந்துது. அப்புறம் என்ன, பஸ் மாதிரிதான். ஸ்டாப்புல நிக்கிறவங்க எல்லாருமா ஏறப்போறாங்க?"

அன்றைக்கே அவள் தன் கைபேசி எண்ணைப் போட்டுப் புது அட்டை அச்சடிக்கக் கொடுத்தாள். நாற்காலியையும் அவளே தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டாள். சாயங்காலம் மணி அடித்தபோது அவர் தயங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எடுங்க மாமா. உங்களுக்குத்தான்."

பல் டாக்டரம்மாவின் நாற்காலிகளை அளவெடுக்க, தானே போவதாக அவருக்கு ஒரே பிடிவாதம். அவள் விட்டுக்கொடுத்தாள். அவர் எழுதிவந்த அளவுப்படி பன்னிரண்டு உறைகளையும் தைத்து, இருவருமாகக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் நாலு விரல் அதிகம். அண்ணனுடைய சட்டையைப் போட்ட தம்பி மாதிரி நாற்காலிகள் தொளதொளவென்று நின்றன.

"என்ன மாமா இது?" என்றாள் காதோடு.

கண்டக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "உட்கார வர்றவங்க எல்லாரும் ஒரே சைஸாவா இருப்பாங்க?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும், பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு முதல் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் நூலை நீட்டினார்.