ஊட்டம் மாற்றும் நாள்

மார்ச் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, நெஞ்சக மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் காசநோயால் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு.

மகள் அவருடைய பொருள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி, செருப்பு, சீப்பு, பாதி தீர்ந்த பற்பசை. அம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அவரோடது ஒரு துரும்புகூட இங்க தங்கக் கூடாது. எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

வரவில்லை. மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த ஆய்வுக்கூடத்தில்தான் மகளுக்கு வேலை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்த அன்று, ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் மாஸ்டரிடம் கேட்டிருந்தார். "எம்பொண்ணு வேலை பாக்கற எடத்துக்குத்தானே? தாராளமா எடுத்துக்கங்க" என்றாராம் மாஸ்டர். மாதிரிகள் பெயரில்லாமல் எண்ணோடுதான் வரும். அன்று வந்தது ஒன்றே ஒன்று. சொந்தக்காரர் மாதிரியை யாரும் கையாளக் கூடாது என்பது விதி. ஆய்வுக்கூடத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தட்டிலிருந்த மெல்லிய சல்லடைமேல் அந்தச் செல்கள் வளர்ந்தன. கீழே ஊட்டநீர், மேலே காற்று. சில வாரங்களில் அவற்றின் மேல் இமைமயிர் போன்ற இழைகள் முளைத்து அசையத் தொடங்கின.

"அத வச்சு என்னதான் பண்றீங்க?" என்று ஒருநாள் வார்டில் மாஸ்டர் கேட்டார்.

மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "கிருமி நேரா காவல்கார செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்ப்பா. சுவத்துல இருக்கற இந்த செல்லுங்களுக்குள்ள அவ்வளவா போகாது. ஆனா பக்கத்துல ஒருத்தன் மாட்டிக்கிட்டு முனகறது இதுங்களுக்குக் கேக்குது. கேட்டுட்டு, ஆள் அனுப்புங்கன்னு ரத்தத்துக்குத் தகவல் சொல்லுதான்னு பாக்கறோம்."

"நம்ம கார்ல வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி."

"அந்த மாதிரிதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்ப என்னோடது மிதிக்கலயா?"

அவள் ஒரு சுளையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அடக்கம் மதியமே முடிந்துவிட்டது. வந்தவர்கள் முகக்கவசத்தைக் கழற்றாமல் வீட்டு வாசலோடு நின்றார்கள். மாஸ்டரிடம் கார் ஓட்டப் படித்த ஒரு பெண், தானும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று மகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டுப் போனாள். மருத்துவமனையில் சேர்வதற்கு முன் ஆறு மாதமாக அவர் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டுதான் பாடம் நடத்தியிருக்கிறார். கேட்டவர்களிடம், வாத்தியாருக்குக் காற்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"இருமலுக்குன்னே ஆராய்ச்சி பண்றவ வீட்டுல இருக்கா. பெத்த அப்பன் இருமறது மட்டும் காதுல விழல" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

"விழுந்துச்சு" என்றாள் அம்மா. "அவரு தூசின்னாரு. நாங்களும் தூசின்னோம்."

அப்போது மகளின் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்துத் தோழி.

"தப்பா நெனைக்காதடி. இன்னிக்கு ஊட்டம் மாத்தற நாள். உன் தட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன். ஓரத்துல தனியா ஒண்ணு வச்சிருக்கியே, அதுக்கு என்ன கணக்குன்னு புரியல. தூக்கிப் போட்டுடவா? ஒண்ணு போனாப் போகுது."

"தொடாத. நான் வரேன்."

"இன்னிக்கா?"

மகள் போனை வைத்தாள். அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"எங்க கெளம்பறா? அப்பன் படுத்திருந்த எடத்துல சூடுகூட ஆறல, ஆபீஸ் கேக்குதாமா?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மகளும் பின்னால் போனாள். அம்மா கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"அவரோடதா?"

மகள் தலையாட்டினாள்.

"எங்கிட்ட சொன்னாரு. எம்பொண்ணு ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குச் சோறு போடறா, உன்னவிட நேரத்துக்குப் போடறான்னு சிரிச்சாரு." குழாயை மூடினாள். "காலைல கேட்டதுக்கு எல்லாம் வந்துடுச்சுன்ன."

"ஆமாம்மா."

அம்மா டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"இன்னிக்குப் போட்டாச்சா?"

"இல்ல."

"பட்டினி போடாத. போயிட்டு வா."

அவள் போனாள். தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய நீர் விட்டாள்.

அதன்பின் ஊட்டம் மாற்றும் நாள்களில் அம்மா அவளைச் சாப்பிடக்கூட உட்காரவிடாமல் கிளப்பினாள். தட்டிலுள்ள செல்கள் எதற்காக வளர்கின்றன என்பதை மகள் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சோதனை நடந்தது. கிருமி புகுந்த காவல் செல்களைச் சல்லடைக்குக் கீழே விட்டார்கள். மாஸ்டரின் செல்களும் மற்றவர்களுடையதைப் போலவே தகவல் அனுப்பின. அளவெடுத்து முடிந்ததும், விதிப்படி, எல்லாத் தட்டுகளும் அழிப்பதற்காகக் கொதிநீராவிக் கலனுக்குப் போயின.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "இன்னிக்கு மொறைதானே?" என்று கேட்டபடி அம்மா அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.