ஒரு வருஷத்துக்கு வாங்கிய சியா விதை

சியா விதையைச் சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்குகிறவன் ஏமாளி. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். விருத்தாசலம் கடைகளில் அழகான டப்பாவில் போட்டு விற்பார்கள். பாதிக் காசு டப்பாவுக்குத்தான் போகும். நான் மங்கலம்பேட்டைக்கு வண்டியை விட்டேன். அங்கே பாய் கடையில் மூட்டையாகவே வரும். பாய் ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் போட்டுக் காட்டினார்.

"முழுக்கக் கறுப்பா இருந்தா அது சப்ஜாங்க. சியான்னா சாம்பலும் கறுப்புமா கலந்து இருக்கும். மொத்தமா எடுத்தா வெல கொறையும். எத்தினி நாளைக்கு வேணும்?"

"ஒரு வருஷத்துக்கு" என்றேன்.

என் மகள் துர்காவுக்குத்தான். பத்து வயசு, ரத்தத்தில் புற்றுநோய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் வயிறு இறுகிப்போய் தினமும் அழுவாள். ஊற வைத்த சியா குடிக்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஒரு வருஷத்துக்கு வாங்கிவிட்டால் ஒரு வருஷம் இருந்துதானே ஆகவேண்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தொழில் பீங்கான். தொழிற்பேட்டையில் சின்ன பொம்மை யூனிட் வைத்திருக்கிறேன். மூடி கச்சிதமாக உட்காரும் ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, விதையைக் கொட்டி வாயைத் துணியால் கட்டினேன். ஜாடியை அடிக்கடி திறக்கக்கூடாது, ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது, ஒரு டம்ளருக்குச் சின்ன ஸ்பூனுக்கு மேல் கூடாது என்று என் மனைவி அனுசியாவுக்குச் சட்டம் போட்டேன். ஊறி வழவழவென்று நிற்பதைப் பார்த்து துர்கா "தவளை முட்டை" என்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவாள்.

அனுசியா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தன் குறையைச் சாமிக்கு மனுவாக எழுதிப் பிராது கட்டினாள். பிள்ளை பிழைத்தால் பிள்ளையின் முடியைக் காணிக்கை கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். மருந்தில் முடி அப்போதே கொட்டிப்போயிருந்தது. இல்லாத முடியைக் காட்டி சாமியிடமே வாய்தா வாங்கிவிட்டாயே என்று கிண்டல் செய்தேன். ஆனால் தை மாசம் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. வீட்டுக்கு வந்த துர்கா தலையில் பூனை மயிர் மாதிரி முளைத்தது. நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருப்பாள்.

"இது போதுமாம்மா? சாமிக்குக் குடுத்துடலாமா?"

"நல்லா வளரட்டும்டி."

வளரவில்லை. நோய் திரும்பி வந்தது, முடி மறுபடியும் கொட்டியது. ஆடி மாசம் போய்விட்டாள். தலையில் கட்டிய மஞ்சள் துண்டைக் கடைசிவரை அவிழ்க்கவே விடவில்லை. ஜாடியில் விதை பாதி இருந்தது.

காரியம் முடிந்த பிறகு துர்கா வர ஆரம்பித்தாள். அனுசியா கண்ணுக்கு மட்டும். விடியும் நேரத்தில் அடுப்படி வாசலில் நிற்பாளாம். மஞ்சள் துண்டு கட்டியிருப்பாளாம். பேசமாட்டாளாம், துண்டுக்கு மேலே தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவாளாம். கிட்டே போனால் ஆள் இருக்காது, ஆஸ்பத்திரி மருந்து வாசனை மட்டும் நிற்குமாம். அந்த வாசனை ஒரு நாள் எனக்கும் அடித்தது. பீரோவில் இருக்கும் துண்டிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். பீரோ பூட்டித்தான் இருந்தது.

அனுசியா தினமும் ஒரு டம்ளர் சியாவை ஊறவைத்து அந்த வாசலில் வைப்பாள். வெயில் ஏறியதும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவாள். பேய்க்கு வைத்தாலும் ஒரு அளவு வேண்டாமா என்று திட்டுவேன். பிறகு அவள் போட்டுக் கொடுக்கும் டீயை வாங்கிக்கொண்டு "வந்தாளா?" என்று கேட்பேன். கிண்டலாகத்தான்.

"வந்தா" என்பாள். "சாமிக்குத் தரேன்னு சொன்னத நாம தரலைங்க. அதான் அலையிது புள்ள."

"ஆறு மாசத்துல கைய விட்ட சாமிக்கு எதுக்கு முடி?"

"பொழச்சி வூட்டுக்கு வந்தாளா இல்லியா? நாமதான் குடுக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யூனிட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

பங்குனியில் சென்னைக் கடைக்காரர் ஒருவர் பொம்மைத் தலை கேட்டார். மொட்டைத் தலை. மேலே கோடு கோடாக வரி இருக்கவேண்டும். அதில் ஊறிய விதையைத் தடவி, உள்ளே தண்ணீர் நிரப்பினால் பச்சையாக முடி முளைக்கும். மேஜையில் வைத்து அழகு பார்ப்பார்களாம். கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போட்டால் தண்ணீர் வெளியே கசிந்து விதையை நனைக்காது என்பதால் வெறும் மண்ணாகவே சுட்டு ஒரு சாம்பிள் செய்தேன். ஏதோ ஒரு குழந்தை முகம். விதைக்குத் தனியாக அலைவானேன் என்று வீட்டுக்கு எடுத்துவந்து ஜாடியில் கை வைத்தேன். அனுசியா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அப்புறம் தலையைப் பார்த்தாள். பிடி தானாக விட்டுப்போனது.

"ஏங்க, இது நம்ம துர்காங்க."

சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. அவள் சொன்ன பிறகு வேறு யாராகவும் தெரியவில்லை. லேசாக ஏறிய இடது புருவம்கூட அப்படியே இருந்தது. சென்னைக்கு வேறு முகம் செய்து அனுப்பினேன். இந்தத் தலை அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்தது.

"இதுல முடி வளத்து, கோயில்ல எறக்கிடலாங்க" என்றாள்.

"மண்ணுக்கு மொட்டையா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

முதல் தடவை ஆசை ஆசையாக விதையை அள்ளி அப்பினாள். நெருக்கிப் போட்டது மூச்சுமுட்டி, வெள்ளையாகப் பூஞ்சை பூத்து நாறியது. அதைக் கழுவும்போது அவள் அழுதது, துர்காவின் தலையணையில் முதல் முதலாக முடிக் கொத்தைப் பார்த்தபோது அழுத அதே அழுகை. அடுத்த தடவை நன்றாக முளைத்தது. சித்திரை வெயில் ஒரு மத்தியானத்தில் அவ்வளவையும் சாய்த்துவிட்டது. ஜாடியில் அடி தெரிய ஆரம்பித்தது. பழைய விதை வேறு, ஊறுகிறதே தவிர எல்லாம் முளைப்பதில்லை.

"பாய் கடையில புதுசா வாங்கியாறேன்" என்றேன்.

"அது வேற வெத. இது அவளுக்குன்னு வாங்குனது."

அதன் பிறகு வாசலில் டம்ளர் வைப்பதை நிறுத்தினாள். அரை ஸ்பூன் மட்டும் எடுத்து, நன்றாக ஊறும்வரை காத்திருந்து, விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினாள். பகலில் ஈரத்துணி போர்த்தினாள். கொஞ்சமாகப் போட்டதுதான் நன்றாக வந்தது. வைகாசியில் பச்சை முடி விரல் நீளத்துக்கு நின்றது. சண்டை போட்ட நானே போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிவிட்டுப் போனேன்.

கிருத்திகை அன்று அனுசியா பீரோவைத் திறந்து மஞ்சள் துண்டை எடுத்தாள். மண் தலையில் அதைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். மேட்டில் மெதுவாகப் போகச் சொன்னாள்.

கோயிலில் மொட்டை அடிக்கும் இடத்தில் கோவிந்தசாமி என்பவர் உட்கார்ந்திருந்தார். துண்டைப் பார்த்து "பாப்பாவுக்குங்களா?" என்று கை நீட்டினார். அனுசியா துண்டை அவிழ்த்தாள். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவனாவது சிரித்தால் சட்டையைப் பிடித்துவிடுவது என்று நான் தயாராக நின்றேன். கோவிந்தசாமி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேரு என்னாம்மா?"

"துர்கா."

தலையை வாங்கித் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்தார். தண்ணீர் தொட்டு நனைத்தார். புது பிளேடு மாற்றினார். தாடையைப் பிடித்துக் குனியவைத்தார்.

"ஆடாம இரு துர்கா. அவ்ளோதான், ஆச்சு. அழக்கூடாது."

துர்கா அழவில்லை. நான்தான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அனுசியா முடியைத் துண்டில் வாங்கிக் காணிக்கையாகப் போட்டாள். வெறும் தலையில் சந்தனம் குழைத்துப் பூசினாள்.

மறுநாள் காலை டீயை வாங்கிக்கொண்டு கேட்டேன். "வந்தாளா?"

"வரலைங்க." அவள் முகம் தெளிந்திருந்தது. ஆடிக்குப் பிறகு இப்போதுதான் தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன்.

"நீங்கதான் நம்பவே மாட்டீங்களே, இன்னும் எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாசமாக நான் தினமும் காலையில் என் பெண்ணைப் பற்றி ஒரு சேதி கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தாள், நின்றாள், துண்டு கட்டியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்கே போனேன். அனுசியாவுக்கு அவள் ஆடியில் செத்தாள். எனக்கு இப்போதுதான் செத்தாள்.

அனுசியா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து ஜாடியைக் கவிழ்த்தேன். அடியில் கொஞ்சம் விதை இருந்தது. ஊறவைத்தேன். தலையில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கழுவினேன். முடி முளைத்தால் சாமிக்குத் தரவேண்டிய கடன் திரும்பவும் வந்துவிடும். வந்தால் அவளும் வருவாள். அவள் செய்த மாதிரியே விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினேன்.

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் அனுசியா நின்றுகொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றாள். "அவ போவட்டும்."

"எங்கிட்ட ஒரு தடவகூட வரல அனுசியா. ஒரே ஒரு தடவ வரட்டும்."

அவள் கிட்டே வந்தாள். குழாயைத் திறந்து என் விரல் ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாள். பிறகு தலையைத் தண்ணீரில் காட்டி உள்ளங்கையால் துடைத்தாள். விதை எல்லாம் போனது. நெற்றிக்கு மேலே ஒரு வரியில் மட்டும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேருமே அதைத் தொடவில்லை. அவள் தலையைக் கொண்டுபோய், வெளிச்சம் படும் ஜன்னலிலேயே வைத்தாள்.